நிறம் மாறும் படலம் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மின்னழுத்தம் கொடுத்தால் நிறம் மாறும் பாலிமர் படலத்தின் பழைய செய்முறையில் நச்சான அனிலின் இருந்தது, குளோரோபென்சீன் இருந்தது, படலமும் சொன்னபடி நிறம் மாறியது. பாதுகாப்பான பாலிமருக்கும் தண்ணீர்க் கரைசலுக்கும் மாறிய மறுநாளே உரிகிறது, இழுக்கிறது, வெளுக்கிறது. உடனே "நச்சு இல்லாமல் இது ஆகாது போலிருக்கிறது" என்று பழைய குப்பியை எடுக்கக் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்தவரை இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் நான்கு இடங்களில்தான் பிறக்கின்றன: எலெக்ட்ரான் வர வழியில்லை, அயனி வர வழியில்லை, மறுபக்கத்தில் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை, அல்லது தேவைக்கு மேல் வோல்ட் கொடுத்திருக்கிறோம். இவற்றில் எது என்று தெரியாமல் வேதிப்பொருளை மாற்றினால், கோளாறு அப்படியே இருக்கும், நச்சு மட்டும் திரும்பி வரும்.

இந்தக் குறிப்பு முக்கியமாக இரண்டு பாலிமர்களைப் பற்றியது. ஒன்று பெடாட்-பி.எஸ்.எஸ்.: மின்சாரம் கடத்தும் பெடாட்டும் அதைத் தாங்கும் பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு பாலிமரும் சேர்ந்தது, தண்ணீரில் பரவிய கருநீலத் திரவமாகக் கிடைப்பது. ஆக்சிஜனேற்ற நிலையில் (எலெக்ட்ரானை இழந்த நிலையில்) அதன் படலம் வெளிர் வான்நீலம், ஒடுக்கினால் (எலெக்ட்ரானைக் கொடுத்தால்) அடர்நீலம். மற்றொன்று பாலி அனிலின். முழுக்க ஒடுங்கினால் வெளிர்மஞ்சள், நடுநிலையில் பச்சை, முழு ஆக்சிஜனேற்றத்தில் கருநீலமோ ஊதாவோ. அதாவது பெடாட் எலெக்ட்ரானை வாங்கும்போது கருக்கும், பாலி அனிலின் எலெக்ட்ரானை இழக்கும்போது கருக்கும். பாதிக் குழப்பம் இந்த ஒரு வித்தியாசத்தை மறப்பதால் வருவது. செல்லின் அமைப்பு வழக்கமானதுதான்: ஐ.டி.ஓ. (மின்சாரம் கடத்தும், ஒளிபுகும் இண்டியம்-தகர ஆக்சைடு) பூசிய கண்ணாடி, அதன்மேல் பாலிமர், நடுவில் மின்பகுளி (அயனிகள் உள்ள கரைசல்) அல்லது ஜெல், எதிரே இன்னொரு மின்முனை.

முதலில் மின்னோட்டத்தைப் பாருங்கள்

என்ன அறிகுறியானாலும் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் மின்னோட்டத்தைப் பாருங்கள். வோல்ட் கொடுத்த கணத்தில் மின்னோட்டம் சட்டென்று ஏறி, பிறகு படிப்படியாக இறங்கி, ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது. லேசாக ஏறி, நிறம் மாறுவதற்குள் விழுந்துவிட்டால் மறுபக்கத்து மின்முனையைச் சந்தேகியுங்கள். இறங்காமல் ஒரே அளவில் ஓடிக்கொண்டே இருந்தால் பக்கவினை நடக்கிறது, அல்லது உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் விலையுயர்ந்த பொட்டென்ஷியோஸ்டாட் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்தாலே இவ்வளவும் தெரியும்.

இன்னொன்று. வெள்ளி–வெள்ளி குளோரைடு என்ற, மின்னழுத்தம் மாறாத ஒப்பீட்டு மின்முனைக்கு எதிரே 1 வோல்ட் என்பதும், ஒட்டி மூடிய இரண்டு மின்முனை செல்லின் முனைகளுக்கு இடையே 1 வோல்ட் என்பதும் ஒன்றல்ல. ஆய்வுக் கட்டுரையில் முதல்வகை எண் இருக்கும், நம் மேசையில் இரண்டாம்வகை செல் இருக்கும். எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: நிறமே மாறவில்லை

மின்னோட்டமும் இல்லையா? கண்ணாடியைத் தலைகீழாக வைத்துப் பூசியிருக்கலாம். சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒருமுறையாவது செய்வதுதான். மல்டிமீட்டர் முனைகளை வைத்தால் ஐ.டி.ஓ. உள்ள பக்கம் சில பத்து ஓம் காட்டும், வெறும் கண்ணாடிப் பக்கம் எதையும் காட்டாது. அடுத்தது கிளிப். அது பாலிமரின் மேலே கடித்துக்கொண்டிருந்தால் போதாது. ஓரத்தில் படலத்தைத் துடைத்தெடுத்து, ஐ.டி.ஓ.வை நேராகக் கடிக்க வேண்டும்.

மின்னோட்டம் இருக்கிறது, நிறம்தான் வரவில்லை என்றால் முனைகளை மாற்றிப் பாருங்கள். புதிதாகப் பூசிய பெடாட் ஏற்கெனவே ஆக்சிஜனேற்ற நிலையில்தான் இருக்கிறது. அதற்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் வெளிர்நீலம் வெளிர்நீலமாகவே இருக்கும்.

அதுவும் சரியென்றால் பிரச்சினை பெரும்பாலும் மறுபக்கத்தில். பெடாட் எலெக்ட்ரானை வாங்க வேண்டுமென்றால், எதிரே யாராவது அதே அளவு எலெக்ட்ரானைக் கொடுத்தாக வேண்டும். எதிரே வெறும் ஐ.டி.ஓ. கண்ணாடி இருந்தால் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. அது தண்ணீரைப் பிடித்துப் பிரிக்க ஆரம்பிக்கும், அதற்குக் கூடுதல் வோல்ட் கேட்கும், நாம் கொடுப்போம், அப்புறம் குமிழி வரும். இருபக்கமும் பெடாட்டே பூசினால் நிலைமை வேறு: எந்தத் திசையில் வோல்ட் கொடுத்தாலும் ஒரு பக்கம் கருத்துவிடும். பார்ப்பவருக்கு எப்போதும் நீலமாகவே தெரியும், திசை மாறும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் வெளுக்கும்.

நான் விரும்புவது மறுபக்கத்தில் பிரஷ்ய நீலம், அதாவது இரும்பும் சயனைடும் சேர்ந்த நீல நிறமி. அது ஆக்சிஜனேற்ற நிலையில் நீலம், ஒடுக்கினால் நிறமற்றது. பெடாட்டுக்கு நேர் எதிர் என்பதால் இரண்டும் சேர்ந்து கருக்கும், சேர்ந்தே வெளுக்கும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பூசி முடித்த நிலையில் பெடாட்டும் ஆக்சிஜனேற்ற நிலை, பிரஷ்ய நீலமும் ஆக்சிஜனேற்ற நிலை. இரண்டு பேரும் வாங்குவதற்கே கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், கொடுக்க ஆளிருக்காது. அப்படியே ஒட்டி மூடிவிட்டால் செல் பிணம்போலக் கிடக்கும். ஒட்டுவதற்கு முன் பிரஷ்ய நீலத் தகட்டைத் தனியாகப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்து, எதிர்மின்னழுத்தம் கொடுத்து நிறம் போகும்வரை ஒடுக்கிவிடுங்கள். பிறகு மூடுங்கள். மின்பகுளியில் பொட்டாசியம் அயனி இருக்கட்டும். சோடியமோ லித்தியமோ நீரேறிய நிலையில் அதன் படிகக் கூட்டுக்குள் எளிதில் நுழைவதில்லை. காரக் கரைசல் பக்கம் போகவே கூடாது, பிரஷ்ய நீலம் சிதைந்துவிடும்.

வேதிப்பெயரில் சயனைடு இருப்பதால் பலர் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். தாலியம், கதிரியக்க சீசியம் உடலுக்குள் போனவர்களுக்கு விழுங்கக் கொடுக்கும் மருந்தே இதுதான். சயனைடு இரும்போடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. அதற்காக வலுவான அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கிவிடாதீர்கள். அப்போது ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். கழிவுக் குப்பியில் அமிலத்தோடு கலப்பதும் அதே தவறுதான்.

அறிகுறி: தண்ணீரில் வைத்ததும் படலம் உரிகிறது

நீர்க் கரைசலுக்கு மாறியவர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். பெடாட் தண்ணீரில் கரையாது. அதைப் பரவலாகத் தாங்கி நிற்கும் பி.எஸ்.எஸ். நன்றாகக் கரையும். படலம் நீரை உறிஞ்சி உப்புகிறது, உப்பிய படலம் கண்ணாடியில் ஒட்ட முடியாமல் தோல்போல எழும்பி வருகிறது.

எப்படி உரிகிறது என்று கவனியுங்கள். ஒரே தாளாக முழுசாக மிதந்து வந்தால் கண்ணாடி சுத்தமாக இல்லை. சோப்பு நீர், வெறும் நீர், ஐசோபுரோப்பனால் என்று வரிசையாகக் கழுவி, முடிந்தால் புற ஊதா–ஓசோன் கருவியில் சில நிமிடம் வையுங்கள். நீர்த்துளி விட்டால் முத்தாக நிற்காமல் விரிந்து பரவ வேண்டும். அதுதான் சோதனை. மாறாக, படலம் துண்டு துண்டாகக் கரைந்து தண்ணீர் நீலமானால் உள்ளே குறுக்குப் பிணைப்பு (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்பு) போதவில்லை.

குறுக்குப் பிணைப்புக்கு வழக்கமாகச் சேர்ப்பது ஜி.ஓ.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் எப்பாக்சி சைலேன். கனஅளவில் 1 விழுக்காடு போதும். பூசுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். நேற்றே கலந்து வைத்தால் நீரோடு வினைபுரிந்து குப்பிக்குள்ளேயே கட்டிதட்டிவிடும். பூசிய பிறகு 140 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம் சூடாக்குங்கள். 80 பாகையில் காயவைத்துவிட்டு "சைலேன் வேலை செய்யவில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஹாட் பிளேட்டின் உண்மையான வெப்பநிலை என்ன என்பதைத்தான். முகப்பில் 140 என்று எழுதியிருக்கும், கண்ணாடியின் மேற்பரப்பு அதைவிடக் குறைவாக இருக்கும்.

இன்னும் கொஞ்சம் சைலேன் ஊற்றினால் இன்னும் கெட்டியாக ஒட்டுமே என்று தோன்றும். ஒட்டும்தான். ஆனால் அது மின்சாரம் கடத்தாத பசை. கூடக்கூடக் கடத்துத்திறன் விழும், நிறமாற்றம் மந்தமாகும். அப்புறம் அந்த மந்தத்துக்கு வேறு மருந்து தேடுவீர்கள். பாதுகாப்பான செய்முறையில் சேர்த்திருந்தாலும் ஜி.ஓ.பி.எஸ். கண்ணுக்கு மோசமானது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். நீரோடு சேரும்போது சிறிதளவு மெத்தனாலும் வெளிவரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும்.

அடர் கந்தக அமிலத்தில் முக்கியெடுக்கும் வழியும் உண்டு. உபரி பி.எஸ்.எஸ். வெளியேறி, படலம் இறுகி, கடத்துத்திறன் செ.மீ.க்கு ஆயிரக்கணக்கான சீமென்ஸ் வரை போகும். எண்ணைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். நிறமாற்றப் படலத்துக்கு அந்த எண் தேவையில்லை, அடியில் ஐ.டி.ஓ. இருக்கிறதே. உரிவதை நிறுத்துவதற்காக அடர் அமிலத் தொட்டியைத் திறப்பது, பாதுகாப்பான செய்முறைக்கு வந்த நோக்கத்தையே கெடுத்துவிடும்.

தண்ணீரே வேண்டாம் என்றால் புரோப்பிலீன் கார்பனேட் நல்ல மாற்று. கொதிநிலை 242 பாகை என்பதால் அறையில் ஆவியாகி மூக்குக்கு வராது. அதில் பெடாட்-பி.எஸ்.எஸ். தண்ணீரில் உப்புவதுபோல உப்புவதும் இல்லை. கண்ணை எரிக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அறிகுறி: நிறம் வருகிறது, ஆனால் ஆமை வேகத்தில்

இங்கே ஒரு எளிய சோதனை இருக்கிறது, பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. நிறம் *எங்கிருந்து* தொடங்குகிறது என்று பாருங்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, கண்ணின் பாவை சுருங்குவதுபோல நகர்ந்தால் எலெக்ட்ரான் தாமதம். முழுப் பரப்பும் ஒரே சீராக, ஆனால் மெதுவாகக் கருத்தால் அயனி தாமதம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

எலெக்ட்ரான் தாமதம் என்றால் ஐ.டி.ஓ.வின் மின்தடை பரப்புக்கு ஏற்றதாக இல்லை. நாலு ஓரத்திலும் தாமிர நாடா ஒட்டி எல்லாவற்றையும் இணைத்தாலே பாதி தீர்ந்துவிடும். ஐ.டி.ஓ. இல்லாமல் பிளாஸ்டிக் தாளில் பாலிமரை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. பெடாட் ஒடுங்கும்போது அதன் கடத்துத்திறனும் சரிகிறது. கிளிப்புக்குப் பக்கத்துப் பகுதி முதலில் கருத்து, தானே தடையாகி, அப்பால் உள்ள பகுதிக்கு எலெக்ட்ரான் போகவிடாமல் நின்றுவிடும். கிளிப்பை ஒட்டி ஒரு கருநீலப் பட்டை, அதற்கு அப்பால் வெளிறல் என்று இருந்தால் இதுதான் நடக்கிறது.

படலத்தின் கடத்துத்திறனை உயர்த்த எல்லோரும் சேர்ப்பது 5 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. (டைமெதில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்). அதற்குத் தனியாகப் பெரிய நச்சில்லை. ஆனால் கையுறையில் உடன் இருக்கும் மற்ற வேதிப்பொருளையும் தோலுக்குள் இழுத்துப் போய்விடும். எத்திலீன் கிளைக்காலும் அதே வேலையைச் செய்யும், விழுங்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான் சார்பிட்டாலுக்கோ கிளிசராலுக்கோ மாறிவிடுவேன். இரண்டுமே உணவில் சேர்ப்பவை, இரண்டுமே பெடாட் சங்கிலிகளை நேராக்கி ஒன்றோடொன்று நெருங்க வைக்கின்றன. பழைய செய்முறைகளில் இதே வேலைக்கு என்.எம்.பி., டி.எம்.எஃப். என்ற கரைப்பான்களை எழுதியிருக்கும். இனப்பெருக்க நலனைக் கெடுப்பவை என்று வகைப்படுத்தப்பட்டவை அவை. தொட வேண்டிய அவசியமே இல்லை.

அயனி தாமதம் என்றால் படலம் தடிமனாக இருக்கிறது, அல்லது ஜெல் காய்ந்திருக்கிறது. படலத்தைப் பாதித் தடிமனாக்கிப் பாருங்கள். நிறம் கொஞ்சம் வெளிறும், வேகம் நன்றாகக் கூடும். ஜெல்லுக்குப் பாலி வினைல் ஆல்கஹால், கைட்டோசான், அகர் எதுவானாலும் சரி, ஓரம் மூடாமல் விட்டால் நீர் ஆவியாகி அயனி நகர முடியாமல் போகும். கொஞ்சம் கிளிசரால் சேர்த்தால் ஈரம் தங்கும். பாலி வினைல் ஆல்கஹாலை இறுக்க வெண்காரம் சேர்ப்பது சுலபமான வழியாகத் தோன்றும். போரான் சேர்மங்களுக்கும் இனப்பெருக்க நச்சு எச்சரிக்கை இருப்பதால் அதைத் தவிர்க்கிறேன். ஜெல்லை உறையவைத்து உருகவைப்பதை மூன்று நான்கு முறை செய்தால் எதுவும் சேர்க்காமலே இறுகும்.

அறிகுறி: குமிழி, பழுப்புத் திட்டு

குமிழி என்றால் தண்ணீர் பிரிகிறது. கோட்பாட்டளவில் 1.23 வோல்ட்டில் அது சாத்தியம். பழுப்பு அல்லது சாம்பல் திட்டு அதைவிட மோசம்: எதிர்மின்னழுத்தம் மிஞ்சிப் போய், ஐ.டி.ஓ.வில் உள்ள இண்டியம் ஆக்சைடு உலோக இண்டியமாக ஒடுங்குகிறது. அமிலச் சூழலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பெடாட்-பி.எஸ்.எஸ். பரவலே பி.எச். 2-ஐ ஒட்டிய அமிலம் என்பதை மறக்க வேண்டாம். அந்தத் தகடு இனித் தேறாது, தூக்கி வைத்துவிடுங்கள்.

பலர் இந்த இடத்தில்தான் பழைய பாதைக்குத் திரும்புகிறார்கள். தண்ணீர் பிரிகிறது, ஆகவே அசிட்டோநைட்ரைலில் லித்தியம் பெர்குளோரேட்டைக் கரைப்போம் என்று. பெர்குளோரேட் வலுவான ஆக்சிஜனேற்றி. கரிமக் கரைப்பானோடு காய்ந்துபோன எச்சம் வெடிக்கக்கூடியது. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பு என்றால் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். டி.எஃப்.எஸ்.ஐ. என்ற ஃபுளோரின் உள்ள உப்பு நீரில் உடையாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்த உறுதிதான் சிக்கல்: கரிம–ஃபுளோரின் பிணைப்பு நீர்நிலைக்குப் போனாலும் சிதையாமல் அங்கேயே கிடக்கும்.

இதற்கெல்லாம் முன் வோல்ட்டைக் குறைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட் வீதம் இறக்கி, நிறம் முழுதாக வரும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். மறுபக்கத்தில் மின்னூட்டம் வாங்கும் அடுக்கு சரியாக இருந்தால் தேவைப்படும் வோல்ட் தானே இறங்கிவிடும். முதல் அறிகுறியில் பிரஷ்ய நீலத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்தது இதனால்தான்.

அறிகுறி: சுவிட்சை அணைத்ததும் நிறம் போய்விடுகிறது

ஒடுங்கிய பெடாட்டைக் காற்றில் உள்ள ஆக்சிஜன் மறுபடி வெளுக்க வைக்கும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி, படலத்தை மெல்ல அரிக்கவும் செய்யும். முகவையில் பத்து நிமிடம் நைட்ரஜனைக் குமிழவிட்டுப் பாருங்கள். நிறம் தங்கினால் குற்றவாளி ஆக்சிஜன்தான், ஓரங்களை நன்றாக மூடுங்கள். தங்கவில்லையென்றால் இரண்டு தகடுகளும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவே இடைவெளித் தாள் வையுங்கள்.

அறிகுறி: பாலி அனிலின் சில நாளில் செயலிழக்கிறது

கரைசலின் பி.எச். என்ன? 4-ஐத் தாண்டினால் சாதாரணப் பாலி அனிலின் புரோட்டானை இழந்து, கடத்துத்திறனையும் இழந்து, மந்தமான நீலத்தில் நின்றுவிடும். அமிலத்தில் மறுபடி முக்கியதும் பச்சை திரும்பினால் பிழை அவ்வளவுதான். நடுநிலைக்கு அருகே வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் சல்ஃபோனிக் தொகுதி சங்கிலியிலேயே உள்ள வகைக்கு மாறுங்கள். அமில டோப்பன்ட்டாக (பாலிமரைக் கடத்தவைக்கச் சேர்க்கும் பொருளாக) ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில், தானிய விதைகளில் கிடைக்கும் ஃபைட்டிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். ஒரே மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் இருப்பதால் டோப்பிங்கும் செய்யும், சங்கிலிகளைக் கட்டியும் போடும். 1977-இல் ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா குழு பாலி அசிட்டிலீனை அயோடின் ஆவியில் காட்டித்தான் கடத்தியாக்கியது. 2000-இல் அந்த மூவருக்கும் நோபல் பரிசும் வந்தது. டோப்பன்ட் விஷயத்தில் அங்கிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம்.

அமிலத்தில் முக்கியும் பச்சை திரும்பவில்லை, கரைசல் பழுப்பாகிறது என்றால் ஆக்சிஜனேற்றம் அளவுமீறியிருக்கிறது. சங்கிலி உடைந்து பென்சோகுவினோன் கசிகிறது. அது தோலையும் கண்ணையும் எரிக்கும். ஊதா வரை தள்ளாதீர்கள், மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவிலேயே ஓட்டினால் ஆயுள் கூடும்.

தயாரிப்பிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அனிலினைப் பெர்சல்ஃபேட்டால் இணைக்கும்போது புற்றுநோயூட்டியான பென்சிடீன் துணைவிளைபொருளாக வரக்கூடும். அனிலினுமே இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுப்பது. அனிலின் இருமத்தில் (இரண்டு அனிலின் இணைந்த மூலக்கூறில்) தொடங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடை ஆக்சிஜனேற்றியாக வைத்தால் இந்தப் பாதையை விலக்கலாம். இருமம் தோலில் ஒவ்வாமை தரும், கையுறை கட்டாயம். இப்படிச் செய்த பாலிமரின் சங்கிலி குட்டையாக இருக்கும், கடத்துத்திறன் குறையும். நிறத்துக்கு அது பெரிய குறையில்லை.

அறிகுறி: சிவப்பு, மஞ்சள் தயோஃபீன் பாலிமர் வெளுக்கும்போது பழுப்புச் சாயல்

இந்தப் பாலிமர்களின் சங்கிலியைக் கோக்கும் ஸ்டில்லே வழியில் தகரச் சேர்மங்கள் வருகின்றன, அவை நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. வளையங்களை நேராகவே இணைக்கும் நேரடி ஏரைலேற்றத்துக்கு மாறினால் தகரம் ஒழியும். ஆனால் தவறான இடத்தில் பிணைப்பு விழுந்து சங்கிலி கிளைக்கும், நிறம் நகரும், ஒரு பகுதி கரையாமல் நிற்கும். கரையாததை வடிகட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் பூசிப் பாருங்கள். சாயல் அப்படியே இருந்தால் வினையூக்கியிலிருந்து எஞ்சிய பல்லேடியத்தைப் பிடித்தெடுக்கும் பொருளோடு ஒருமுறை கலக்கிக் கழுவுங்கள். குளோரோஃபார்முக்குப் பதில் அனிசோல் நல்லது. 2-மெதில் டெட்ராஹைட்ரோஃபியூரானும் சரிதான், பழைய குப்பியில் பெராக்சைடு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் சோதனைப் பட்டையால் சோதித்துவிடுங்கள்.

அறிகுறி: பல நூறு சுழற்சிக்குப் பின் நிற வேறுபாடு சுருங்குகிறது

செல்லைத் திறந்து மின்பகுளியை மட்டும் புதிதாக மாற்றுங்கள். வேறுபாடு திரும்பினால் பழையது காய்ந்தோ அழுக்காகியோ இருந்தது. திரும்பாவிட்டால் ஓரத்தில் ஐ.டி.ஓ.வின் மின்தடையை அளந்து முதல்நாள் குறிப்போடு ஒப்பிடுங்கள். அதுவும் மாறவில்லையென்றால் இரண்டு தகடுகளையும் தனித்தனியே முகவையில் ஓட்டிப் பாருங்கள். தனியே இரண்டும் முழுதாகக் கருத்து வெளுக்கின்றன, செல்லில் சேர்ந்தால் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் இரண்டின் மின்னூட்டக் கணக்கும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்துவிட்டது. பிரஷ்ய நீலத் தகட்டை மறுபடி நிறம் போகும்வரை ஒடுக்கி, புது ஜெல் வைத்து மூடினால் செல் பழையபடி ஓடும்.